எந்த வெள்ளை?

வெள்ளை என்பது ஒரே நிறம் என்ற எண்ணத்தோடுதான் மக்கள் சாயக்கடைக்குள் நுழைகின்றனர். கடைக்காரர் வண்ண அட்டையை எடுத்து விரித்ததும் அவ்வெண்ணம் பறந்துவிடுகிறது. ஒரே பக்கத்தில் கட்டம் கட்டமாக வெள்ளைகள்! பனி வெள்ளை, முத்து வெள்ளை, தந்த வெள்ளை என்று ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் ஓர் அலங்காரப் பெயர். அம்மொழியிலேயே பாடம் கேட்டு வளர்ந்த நமக்கும் அப்பெயர்களில் பாதி விளங்கவில்லை. பனியே பெய்யாத நாட்டில் பனி வெள்ளையை எதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது?

தமிழர் இவ்விஷயத்தில் வறியவரல்லர். தும்பைப்பூவின் வெள்ளை வேறு. சங்கின் வெள்ளை வேறு. பல முறை துவைத்த வேட்டியின் வெள்ளை வேறு. மோரின் வெள்ளை வேறு. தோட்டத்தில் பிறந்த பிள்ளையைக் கேட்டாலோ, வெட்டிய மரத்திலிருந்து கோப்பையில் அப்போதே வடிந்த பாலின் வெள்ளையையும், அதே பால் மாலைவரை கிடந்து பழுப்பேறிய நிறத்தையும் இரண்டாகப் பிரித்துச் சொல்லும். ரப்பர்ப் பாலிலுள்ள இயற்கைப் பொருள்கள் காற்றோடு கூடி நிறம் மாறுவதே அதற்குக் காரணம். வெளிறிய கிரேப் ரப்பர் செய்வோர் அதைத் தடுக்கவே சோடியம் பைசல்பைட் சேர்க்கின்றனர். வெள்ளையை வெள்ளையாகவே நிற்கவைப்பது எவ்வளவு சிரமமான காரியம் என்பதற்கு நம் தொழிலிலேயே சாட்சி இருக்கிறது.

நிற்க. நாம் குடியிருப்பது ஒரு தோட்டத்தின் கிராணி வீடு. 1957இல் இந்நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே கட்டிய பலகை வீடு. வாசல் நிலைகள் செங்கால் மரம். சன்னல்கள் சில, பின்னாளில் மெர்பாவ் மரத்தில் மாற்றியவை. கதவுகளும் சட்டங்களும் சுவரோரப் பலகைகளுமாக உள்ளே மரவேலை மிகுதி. அவை அத்தனைக்கும் காப்பி நிறச் சாயம். முன்னாளில் வீட்டைச் சுற்றி வெட்டவெளி இருந்ததால் அந்நிறம் பொருந்தியிருக்கலாம். இப்போது செம்பனை வீட்டின் கூரையோரம்வரை வந்து நிற்கிறது. பகல் மூன்று மணிக்கே உள்ளறையில் விளக்கேற்றாமல் கணக்கேட்டைப் படிக்க இயலாது. “சுவரை வெளுத்து என்ன பயன்? கதவும் சன்னலும் இருட்டாக நிற்கின்றனவே. அவற்றை வெள்ளையாக்கினால் வீடே விடியும்” என்றார் நம் துணைவியார். அதில் நியாயம் இருந்தது.

ஆயினும் முதற்கேள்வி நிறத்தைப் பற்றியதன்று. இவ்வீடு நம்முடையதன்று. உத்தியோகம் உள்ளவரை குடியிருக்கலாம். உத்தியோகம் போனால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நிர்வாகம் வெளிப்புறத்துக்குச் சாயம் அடித்துத் தரும். உட்புறம் குடியிருப்பவர் பாடு. பட்டணத்து நண்பர் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். “அடுத்தவன் வீட்டுக் கதவுக்கு உன் சம்பளத்தில் சாயமா? அந்தத் தோட்டமே நாளை வீடமைப்புக்குப் போகலாமே!” என்றார். போகலாம்தான். எத்தனையோ தோட்டங்கள் அவ்விதம் போனதையும், மூன்று தலைமுறை வாழ்ந்த லயங்களைவிட்டு நம்மவர் பெட்டியும் பாயுமாக வெளியேறியதையும் நாம் அறிவோம். ஆனால் நாளைக்கு வீடு கட்டலாம் என்று இன்றைக்கு இருட்டில் பிள்ளை வளர்க்க முடியுமா? நமக்கு இரண்டு வயதுக் குழந்தை ஒன்று உண்டு. அது நடை பழகியதே சன்னற்சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான். நிற்கும், வெளியே கோழியைப் பார்க்கும், பார்த்துக்கொண்டே சட்டத்தைக் கடிக்கும். அக்குழந்தையே நம் முடிவை இரண்டு வகையில் மாற்றிற்று. முதல் வகை, செலவு செய்யலாம் என்பது. இரண்டாவது வகையைப் பின்னர்ச் சொல்வோம்.

வெள்ளை என்றதும் நம் அன்னையாருக்கு மனம் ஒப்பவில்லை. வெள்ளை துக்கத்தின் நிறம், கணவனை இழந்தவளுக்கு உடுத்தும் நிறம், அதை நல்ல வீட்டின் கதவில் பூசுவதா என்பது அவர் கட்சி. இதற்கு விடை சொல்ல நாம் வாயெடுக்கும் முன்பே துணைவியார், “ஆண்கள் கலியாணத்துக்கும் வெள்ளை வேட்டிதானே கட்டுகிறார்கள், அத்தை?” என்று கேட்டுவிட்டார். அன்னையார் சற்று யோசித்துவிட்டு, “அதுவும் சரிதான்” என்றார். பெண்ணுக்கு மட்டும் துக்கமாகவும் ஆணுக்கு மட்டும் மங்கலமாகவும் ஒரு நிறம் இருப்பது விந்தைதான். பட்டணத்தில் ஒரு கனவான், கதவு நோக்கும் திசைக்கேற்ப அதன் நிறத்தைக் கணித்துத் தருவதாக விளம்பரம் செய்திருக்கிறார், கட்டணமும் உண்டு. அப்பணத்தில் ஐந்து லிட்டர் அடிப்பூச்சு வாங்கலாம் என்பதே நம் அபிப்பிராயம். எனினும் தலைவாசல் நிலையை அன்னையாருக்கே விட்டுவிட்டோம். அது முதிர்ந்த செங்கால். சாயமின்றியே நூறாண்டு நிற்கும். அவர் பூசும் மஞ்சள் அம்மரத்தில் அழகாகவும் இருக்கிறது. மஞ்சளை வெள்ளைச் சாயத்தின்மேல் பூசினால் கறைதான் மிஞ்சும்.

துணைவியார் மற்றொரு நிபந்தனையும் விதித்தார்: “துடைப்பது யார் என்பதை முடிவு செய்துவிட்டு நிறத்தை முடிவு செய்யுங்கள்.” வீட்டுக்கு வெள்ளை வேண்டும் என்று விரும்பும் ஆண்மக்கள் பலர், அவ்வெள்ளையில் விரல் அடையாளம் படிந்தால் அதைத் துடைக்கும் கை தங்களுடையதன்று என்பதை மறந்துவிடுகின்றனர். நம் வீட்டில் சனிக்கிழமை பிற்பகல் கதவு துடைப்பது நம் வேலை என்று எழுதாத ஒப்பந்தம் ஏற்பட்டது. இவ்வொப்பந்தத்தால் பளபளப்பைப் பற்றி நமக்குத் திடீரென அக்கறை பிறந்தது! முழுப் பளபளப்புள்ள சாயம் துடைக்க எளிது. ஆனால் பழைய பலகையின் ஒவ்வொரு பள்ளத்தையும் மேட்டையும் அது விளக்குப் போட்டுக் காட்டும். மங்கல் சாயம் பள்ளத்தை மறைக்கும், அழுக்கைப் பிடித்துக்கொள்ளும், அழுந்தத் துடைத்தால் அவ்விடம் மட்டும் மினுங்கும். இடைப்பட்ட அரைப் பளபளப்பே பழைய மரவேலைக்கு உகந்தது என்று கண்டோம்.

இனி, வெள்ளை எவ்விதம் வெள்ளையாகிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவர்கள் ஒன்றைக் கண்டிருப்பார்கள். அடிக்கும்போது தண்ணீர்போல் தோன்றி, காய்ந்த பிறகே வெளுக்கும். வாசலில் இட்ட கோலமும் அவ்விதமே. மழைத்துளி பட்டதும் மங்கி, உலர்ந்ததும் மீண்டும் தெரியும். பொடிக்கும் அதைச் சூழ்ந்துள்ள பொருளுக்கும் ஒளியை வளைக்கும் திறனில் வேற்றுமை மிகுந்தால், உள்ளே புகும் ஒளி சிதறித் திரும்பும், கண்ணுக்கு வெண்மையாகும். வேற்றுமை குறைந்தால் ஒளி ஊடுருவிப் போய்விடும். இத்திறனை ஒளிவிலகல் எண் என்பர். காற்றுக்கு 1, எண்ணெய்க்குச் சுமார் 1.5, சுண்ணக்கட்டிப் பொடிக்குச் சுமார் 1.6. ஆகவே அப்பொடியை எண்ணெயில் குழைத்தால் வெள்ளை போய்ச் சேறாகும். ஈய வெள்ளைக்கும் துத்தநாக வெள்ளைக்கும் ஏறத்தாழ 2. டைட்டானியம் டையாக்சைடுக்கோ 2.7. இன்று கடையில் விற்கும் நல்ல வெள்ளைச் சாயம் அனைத்திலும் வெண்மையைத் தருவது இக்கடைசிப் பொருளே.

இது வருவது கருமணலிலிருந்து என்பது வேடிக்கை. 1791இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார் ஆற்றோரக் கருமணலை ஆராய்ந்து, அதில் புதிய உலோகம் ஒன்று இருப்பதைக் கண்டார். 1795இல் ஜெர்மானியரான கிளாப்ரோத் அதற்கு டைட்டானியம் என்று பெயரிட்டார். சாயத்துக்கான வெள்ளைப் பொடியாக அதைத் தொழில்முறையில் செய்யத் தொடங்கியது 1916ஐ ஒட்டி, நார்வேயிலும் அமெரிக்காவிலும். தென் தமிழ்நாட்டில் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் உள்ள இல்மனைட் இதற்குரிய தாதுதான். நம் பேராக் மாநிலத்தில் ஈயம் கழுவிய பின் எஞ்சும் ‘அமாங்’ என்ற கருமணலிலும் அதே இல்மனைட் உண்டு. ஈயச் சுரங்கத்தில் நின்று அந்தக் கரிய மண்டியைத் தள்ளிவிட்ட நம் பாட்டன்மார், அதற்குள் இத்தனை வெண்மை இருக்கும் என்று எண்ணியிருக்கமாட்டார்கள். (மலாயாவில் நாம் ஈயம் என்று சொல்லிப் பழகியது வெள்ளீயத்தை. இனி வரும் ஈயம் வேறு; கனத்த காரீயம். இரண்டையும் குழப்பலாகாது.)

அக்காரீயம்தான் நாம் முன்பு சொல்லாமல் விட்ட இரண்டாவது விஷயம்.

டைட்டானியம் வருவதற்கு முன், பல நூற்றாண்டுகளாக எண்ணெய்ச் சாயத்தின் வெண்மை காரீயத்திலிருந்தே வந்தது. மண்பானையில் காடி வைத்து, அதன்மேல் காரீயத் தகடுகளை அடுக்கி, சாணக் குவியலில் புதைத்துவிடுவார்கள். சாணத்தின் சூட்டிலும் ஆவியிலும் தகட்டின்மேல் வெண்ணிறப் படலம் ஏறும். அதைச் சுரண்டி, அரைத்து, ஆளிவிதை எண்ணெயில் குழைத்தால் சாயம். மரத்தை இறுகப் பற்றும். வெயிலையும் மழையையும் தாங்கும். தூரிகைக்கு இதமாக ஓடும். குற்றம் ஒன்றே ஒன்று, அது நஞ்சு.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து, நம் நாட்டைப் போலவே வெயிலும் மழையும் மிகுந்த பிரதேசம். அங்கும் வீடுகள் பலகை வீடுகள். தாழ்வாரமும் கைப்பிடிக் கம்பிகளும் உள்ளவை. பிரிஸ்பேன் நகரில் குழந்தைகள் சிலருக்குக் கண்ணசைவு கெட்டுப்போவதையும், கைகால் விளங்காமற் போவதையும் கண்ட லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் வைத்தியர், 1904இல் காரணத்தை எழுதினார். வெயிலில் பொடிந்த காரீயச் சாயம் தாழ்வாரக் கம்பியிலிருந்து பிள்ளைகளின் விரலில் ஒட்டுகிறது, விரல் வாய்க்குப் போகிறது, அவ்வளவுதான். குவீன்ஸ்லாந்து 1922இல் பிள்ளைகளின் கைக்கெட்டும் இடங்களில் அச்சாயத்தைத் தடை செய்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 1921இல், ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, கட்டடங்களின் உட்புறத்துக்கு ஈய வெள்ளை கூடாது என்று ஓர் உடன்பாடு வகுத்தது. சாயம் பூசும் தொழிலாளிகளின் உயிரை எண்ணி வகுத்தது அது. அமெரிக்காவில் வீட்டுச் சாயத்துக்குத் தடை வந்தது 1978இல்தான். கிப்சன் எழுதியதற்கு எழுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து! இடையில் எத்தனை பிள்ளைகள் சன்னற்சட்டத்தைக் கடித்திருக்கும்? காரீயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. அதில் இத்தனை அளவு தீங்கற்றது என்று சொல்லத்தக்க வரம்பே காணப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இவற்றைப் படித்த இரவு நமக்குச் சரியாக உறக்கம் இல்லை. மறுநாள் சன்னற்சட்டத்தின் மூலையிலிருந்து சாயச் சில்லு ஒன்றைப் பெயர்த்துப் பார்த்தோம். மேலே காப்பி நிறம், அதன்கீழ்ப் பச்சை, அதன்கீழ்ப் பழுத்த வெண்ணிறம், பிறகு மரம். நான்கு துரைமார் காலம் அச்சில்லில் அடுக்கடுக்காக இருந்தது. அதை உறையிலிட்டுப் பட்டணத்து ஆய்வுச்சாலைக்கு அனுப்பினோம். அடி அடுக்குகளில் காரீயம் உண்டு என்று பதில் வந்தது. அன்றே குழந்தையின் தொட்டிலையும் விளையாட்டுச் சாமான்களையும் சன்னலருகிலிருந்து நகர்த்திவிட்டு, அதன் இரத்தத்தைப் பரிசோதிக்கப் பட்டணத்துக்குக் கொண்டு சென்றோம். முடிவு வரும்வரை வீட்டில் ஒருவரோடொருவர் அதிகம் பேசவில்லை. வைத்தியர் முடிவைப் பார்த்துவிட்டு, சிகிச்சைக்குரிய நிலை எதுவும் இல்லை, சாயத்தை மட்டும் உடனே கவனியுங்கள் என்றார். துணைவியார் அங்கேயே அழுதுவிட்டார்.

இவ்விடத்தில் நம் தோட்டத்தைப் பற்றி ஒன்று சொல்லாமலிருக்க முடியவில்லை. மேட்டிலுள்ள துரை பங்களாவுக்கும் கிராணி வீட்டுக்கும் எண்ணெய்ச் சாயம். லயத்துச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு. இதுதான் முன்னாள் வழக்கம். எண்ணெய்ச் சாயம் அந்தஸ்தின் அடையாளம். சுண்ணாம்பு கையில் ஒட்டும், மழைக்குக் கரையும், ஏழைக்கு அது போதும் என்று கருதினர். ஆனால் சுண்ணாம்பில் காரீயம் இல்லை. பளபளத்த கதவில்தான் நஞ்சு இருந்தது. லயத்துக் கதவுகளில் சிலவற்றுக்கும் பின்னாளில் மிஞ்சிய சாயம் பூசினார்கள். இப்போது அவ்வீடுகளில் இந்தோனேசியத் தொழிலாளர்களும் வங்காள தேசத்தவரும் நம்மவர் சில குடும்பங்களும் இருக்கின்றனர். பிள்ளைகள் உள்ள வீடுகளின் கதவையேனும் சோதிக்க வேண்டும் என்று நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம். வரவு செலவுத் திட்டத்தில் இடமில்லை என்று முதலிற் பதில் வந்தது. ஆய்வுச்சாலையின் காகிதத்தின் நகலை இணைத்து மீண்டும் எழுதினோம். ஆறு கதவுகளை மாற்றினர். மற்றவற்றுக்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பழைய சாயத்தைக் கண்டதும் உப்புத்தாளை எடுத்து உலர்ந்தபடியே தேய்ப்பதுதான் எல்லாரும் செய்வது. காரீயமுள்ள இடத்தில் இதைப்போல் கேடு வேறில்லை. தேய்த்த தூசி நெடுநேரம் காற்றில் நிற்கும், தரையில் படியும், தவழும் பிள்ளையின் கையில் ஏறும். நெருப்பு வைத்து உருக்குவதும் ஆகாது. ஆவி நேரே நெஞ்சுக்குள் போகும். உறுதியாக ஒட்டியிருக்கும் பழஞ்சாயத்தைக் கிளறாமல், அதன்மேலேயே நல்ல பூச்சால் மூடிவிடுவது மேல். உதிரும் இடங்களையும், சன்னல் திறந்து மூடும்போது உராயும் விளிம்புகளையும் மட்டும் நீர் தெளித்து, நனைத்தபடியே சுரண்ட வேண்டும். குழந்தையைப் பத்து நாளுக்கு அம்மாயி வீட்டுக்கு அனுப்பினோம். தரையெங்கும் பிளாஸ்டிக் விரிப்பு. வாய்க்கும் மூக்குக்கும் தூசி வடிகட்டும் முகமூடி. சுரண்டலை ஈரத்தோடு சுருட்டிக் கட்டி அகற்றி, தரையை ஈரத்துணியால் இருமுறை துடைத்தோம். துடைப்பத்தைத் தொடவில்லை. குழந்தை அதிகம் பற்றும் அந்தச் சன்னற்சட்டத்தை மட்டும் பெயர்த்தெடுத்துவிட்டுப் புது மரம் வைத்தோம். அதில் சிக்கனம் பார்க்க மனம் வரவில்லை.

சாயக்கடைத் தவுக்கே மூன்று தகரங்களை எடுத்து முன்னே வைத்தார். எண்ணெய்ச் சாயம் கெட்டியாக உலரும். தூரிகைக் கோடு அடங்கும். ஆனால் இருட்டில் மஞ்சளாகும். அலமாரிக்குப் பின்னும் மாட்டிய படத்துக்குக் கீழும் முதலில் மஞ்சளேறுவது இதனால்தான். நவச்சார வாயு பட்டால் இன்னும் விரைவில் மஞ்சளாகும். ரப்பர்ப் பால் உறையாதிருக்க அம்மோனியா ஊற்றும் கொட்டகைக்கு அருகே வீடுள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நீரில் கரையும் அக்ரிலிக் சாயம் மஞ்சளாகாது, நாற்றம் குறைவு, தூரிகையைத் தண்ணீரில் கழுவலாம். அதன் குறை, வெக்கையில் நாட்பட மென்மையாக இருந்து, மூடிய கதவு நிலையோடு ஒட்டிக்கொள்வது. அடித்தபின் சில நாள் கதவுகளைத் திறந்தே வைக்க வேண்டும். இவ்விரண்டையும் இணைத்து நீரில் செய்த அல்கைட் சாயம் ஒன்று வந்திருக்கிறது. விலை கூடுதல், அதையே வாங்கினோம். மூன்றாவது தகரத்தின்மேல் அமெரிக்க வழக்கப்படி ‘லேட்டெக்ஸ்’ என்று எழுதியிருந்தது. உடன் வந்த பால்வெட்டுக்காரர், “ஐயா, நம்ம பாலா இது?” என்று ஆவலோடு கேட்டார். இல்லை, மரத்துப் பாலுக்கும் அதற்கும் பெயர்தான் ஒன்று. உள்ளே இருப்பது செயற்கைப் பிசின். அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. ரப்பர் விதையின் எண்ணெயை அல்கைட் சாயத்துக்குப் பயன்படுத்தலாம் என்று ஆராய்ச்சி நடந்திருப்பதைச் சொல்லி ஒருவாறு தேற்றினோம்.

மெர்பாவ் சன்னல்கள் வேறு வகையில் சோதித்தன. 2019இல் மலேசியாவின் தேசிய மரமாக அறிவித்த மரம் அது, உறுதியில் குறையில்லை. ஆனால் ஈரம் பட்டால் காப்பிநிறச் சாறு கசியும். அதன்மேல் நீர்ச்சாயத்தை நேரே பூசினால் மறுநாள் வெள்ளையின் ஊடே வெற்றிலை எச்சில்போல் கறை தோன்றும். எத்தனை பூச்சு ஏற்றினாலும் கறை மேலே வரும். இதை அடைப்பதற்கு நம்மவர் பழைய பொருளே உதவிற்று. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து வெள்ளைப் பொடி கலந்த அடிப்பூச்சு கிடைக்கிறது. ஒரு பூச்சு போதும். சாறு மேலே ஏறாது.

எந்த வெள்ளை என்பது மட்டும் மிஞ்சிற்று. அட்டையைப் பார்த்து முடிவு செய்வது கூடாது என்பது நம் திடமான அபிப்பிராயம். விரல் அகலக் கட்டம் கதவளவு விரிந்தால் வேறு நிறமாகும். நான்கு சிறு தகரம் வாங்கி, நான்கு பலகைகளில் இரண்டு பூச்சு அடித்து, காலையில் கூடத்திலும் நண்பகலில் உள்ளறையிலும் மாலையில் விளக்கின் கீழும் மாற்றி மாற்றி நிறுத்திப் பார்த்தோம். மிகத் தூய வெள்ளை என்று விற்பதில் நீலச் சாயல் இருந்தது. சலவைக்காரர் வேட்டிக்கு நீலம் போடும் அதே தந்திரம். நம் சுவரில் சுண்ணாம்போடு நீலம் கலந்து அடித்திருந்ததால் பகலில் அது சுவரோடு பொருந்திற்று. ஆயின் இரவில், நம் வீடுகளில் பெரும்பாலும் மாட்டும் 6500 கெல்வின் வெண்விளக்கின் கீழ், வைத்தியசாலை போலாயிற்று. தந்த வெள்ளை, சுவர் அருகே நின்றதும் அழுக்குத் துணி போலத் தோன்றிற்று. மோர் வெள்ளை நன்றாயிருந்தது. ஆனால் செம்பனை ஓலையில் பட்டு உள்ளே வரும் பச்சை ஒளியில் அதற்கு நோயாளியின் களை வந்துவிட்டது. நான்காவது, வெள்ளையில் துளி கருமையும் துளி மண்ணிறமும் சேர்ந்தது. தனியே பார்த்தால் எடுப்பில்லை. பச்சை ஒளியிலும் விளக்கிலும் சுண்ணாம்புச் சுவரருகிலும் அது ஒன்றே வெள்ளையாகவே நின்றது. அன்னையார் அதைப் பார்த்து, “அரிசி களைந்த தண்ணி” என்றார். கடை அட்டையிலிருந்த பெயரை அதன்பின் வீட்டில் யாரும் சொல்லவில்லை.

ஒரு லிட்டர், ஒரு பூச்சுக்குச் சுமார் 10 முதல் 12 சதுர மீட்டர் வரும். நமக்கு அடிப்பூச்சு நீங்கலாக இரண்டு பூச்சுக்கு ஐந்து லிட்டர் சரியாக இருந்தது. அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சிற்று. அதை இறுக மூடி, அரிசி களைந்த தண்ணீர் என்ற பெயரையும், கலவை எண்ணையும், எந்தச் சன்னலின் அடியில் இன்னும் காரீயம் மூடிக் கிடக்கிறது என்பதையும் தாளில் எழுதித் தகரத்தின்மேல் ஒட்டினோம். அடுத்து வரும் கிராணி குடும்பத்தின் கண்ணிற் படும்படி, மின்சாரப் பெட்டியின் கீழுள்ள பலகையில் அது இருக்கிறது.